பழைய கார் இன்ஜின் மிஸ் அடிக்கிறதா? டைமிங்கைத் திருப்பும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

ஐடிலிங்கில் குலுங்கல், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு தடுமாற்றம், மேடு ஏறும்போது பிக்கப் இல்லாமல் திணறல். பழைய காரில் இதைச் சொன்னதுமே "டைமிங் அவுட்" (பிளக்கில் பொறி விழும் நேரம் தவறிவிட்டது) என்று தீர்ப்பு எழுதி, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்திவிடுவார்கள். என் காரிலும் அதுதான் நடந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் திருப்பினார்கள். சில நாள் சுமாராக ஓடும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். காயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தருவது) மாறியது, பிளக் செட் மாறியது, கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலப்பது) கழற்றிக் கழுவினார்கள். கடைசியில் பார்த்தால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் விரல் நீள ஒயர் ஒன்றில். அதைக் கண்டுபிடிக்கப் பணமே தேவைப்படவில்லை, வரிசையாகப் பார்த்தாலே போதுமாக இருந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரிசை ஏன் முக்கியம் என்றால், ஒன்றைத் தொட்டால் அடுத்தது நகர்ந்துவிடும். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின் தொடர்பு) இடைவெளியை மாற்றினால் டைமிங் மாறும். டைமிங் மாறினால் ஐடிலிங் வேகம் மாறும். டேப்பட்டும் (வால்வு இடைவெளி) கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) சரியில்லாத இன்ஜினில் கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் சீராக நிற்காது. ஆகவே கம்ப்ரஷன், அப்புறம் பிளக்கும் ஒயரும், அப்புறம் பாயிண்ட், அப்புறம் டைமிங், எல்லாவற்றுக்கும் கடைசியில் கார்புரேட்டர். இந்த ஒழுங்கை மீறாதீர்கள்.

இது டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பெட்ரோல் கார்களுக்கான குறிப்பு. பாயிண்ட் வைத்ததானாலும் சரி, ஆரம்பகால எலெக்ட்ரானிக் இக்னிஷன் ஆனாலும் சரி. டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாமல் கிராங்க் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) சென்சாரும் காயில் பேக்கும் உள்ள கார்களில் கையால் திருப்ப வேண்டிய டைமிங் பெரும்பாலும் இருக்காது.

1. முதலில் காகிதங்கள்

ஸ்பானரை எடுக்கும் முன் உங்கள் காரின் வொர்க்‌ஷாப் மேனுவலைத் தேடிப் பிடியுங்கள். ஓட்டுநருக்கான சின்னக் கையேடு போதாது. பானட்டின் உள்பக்கமோ ரேடியேட்டருக்கு மேலேயோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைத் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டைமிங் எத்தனை டிகிரி, எந்த ஆர்பிஎம்மில், டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் (இன்ஜினின் உறிஞ்சல்) குழாயைக் கழற்றிவிட்டா மாட்டியபடியா என்று பல ஸ்டிக்கர்களில் தெளிவாக இருக்கும்.

எழுதிக்கொள்ள வேண்டியவை: ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை), ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் முனை) சுற்றும் திசை, பிளக் இடைவெளி, பாயிண்ட் இடைவெளி அல்லது டுவெல் கோணம் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்), டைமிங் டிகிரி, ஐடிலிங் ஆர்பிஎம், டேப்பட் இடைவெளியும் அது சூட்டில் வைப்பதா குளிரில் வைப்பதா என்பதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய காரில் இன்ஜினும் டிஸ்ட்ரிபியூட்டரும் எப்போதோ மாற்றப்பட்டிருக்கலாம். ஆர்சி புத்தகத்தில் உள்ள மாடல் ஆண்டை மட்டும் நம்பி அளவு எடுக்காதீர்கள். இன்ஜின் நம்பரையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் பொறித்திருக்கும் நம்பரையும் மேனுவலோடு ஒத்துப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் வேறு மாடலுடையது என்றால் அதன் அட்வான்ஸ் (ஓட்டத்துக்கு ஏற்ப டைமிங் தானாக முன்னால் நகர்வது) அளவும் வேறாக இருக்கும். அப்போது நீங்கள் எந்த டிகிரியில் வைத்தாலும் ஐடிலிங்கில் சரியாகவும் வேகத்தில் தவறாகவும், அல்லது நேர்மாறாகவும்தான் வரும்.

2. கருவி, செலவு, நேரம்

தேவையானவை: பிளக் ஸ்பானர், ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், டைமிங் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு), கம்ப்ரஷன் கேஜ். டைமிங் லைட்டையும் கம்ப்ரஷன் கேஜையும் இரவல் வாங்கிக்கொள்ளலாம், தினமும் தேவைப்படுகிற சாமான் இல்லை. டுவெல் மீட்டர் கிடைத்தால் நல்லது.

செலவை நான்கு படிகளாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் காசே இல்லை: பார்ப்பது, துடைப்பது, இறுக்குவது, அளப்பது. இரண்டாவது படியில் பிளக், பாயிண்ட், கண்டன்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்ன கெப்பாசிட்டர்), ரோட்டார் போன்ற சில்லறைச் சாமான்கள். மூன்றாவதில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர் செட், வேக்குவம் யூனிட், காயில். நான்காவதில் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் வேலை, கார்புரேட்டர் ஓவர்ஹால், ஹெட் கழற்றுவது. ஒரு படியை முழுதாக முடிக்காமல் அடுத்ததற்குப் பணம் கொடுக்காதீர்கள். காசு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நேரம் என்றால், முதல் தடவை ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பல அளவுகளை இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு எடுக்க வேண்டும், டேப்பட்டைப் பல கார்களில் முழுக்க ஆறிய பிறகு. காத்திருப்பதிலேயே பாதி நாள் போய்விடும். பழகிவிட்டால் டைமிங் மட்டும் பார்க்க அரை மணி நேரம் தாராளம்.

3. கைக்கும் உயிருக்கும்

மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தொங்கும் துணி, சங்கிலி, கடிகாரம் எதுவும் உடம்பில் வேண்டாம். டைமிங் லைட் அடிக்கும்போது சுற்றுகிற ஃபேன் நின்றுவிட்டது போலவே கண்ணுக்குத் தெரியும். அந்தத் தோற்றத்தை நம்பிக் கையை நீட்டியவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். பிளக் ஒயரில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். எலெக்ட்ரானிக் இக்னிஷனில் அது இன்னும் அதிகம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பக்கம் போகவே வேண்டாம்.

4. கழற்றும் முன் குறித்துக்கொள்ளுங்கள்

டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு இன்ஜின் பிளாக்கைத் தொடும் இடத்தில் மெல்லிய பெயிண்ட் கோடு ஒன்று போடுங்கள். இனி என்ன ஆனாலும் இந்த இடத்துக்குத் திரும்பி வரலாம். பிளக் ஒயர் ஒவ்வொன்றிலும் சிலிண்டர் நம்பர் எழுதிய டேப் ஒட்டுங்கள். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம்.

அப்புறம் கோளாறு எப்போது வருகிறது என்று கவனமாக எழுதுங்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் மிஸ் அடித்தால் காயில், கண்டன்சர் பக்கம் சந்தேகப்படுங்கள். மழையிலும் ஈரத்திலும் மட்டும் மோசமானால் ஒயரும் மூடியும். ஐடிலிங்கில் மட்டும் குலுங்கி, வேகம் எடுத்ததும் சரியானால் காற்று லீக், டேப்பட், அல்லது ஐடில் ஜெட் அடைப்பு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) அல்லது இக்னிஷன் சுவிட்ச். ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் எதிர்த்து உதைத்தால் டைமிங் மிகவும் முன்னால் இருக்கிறது, அதாவது பொறி மிகச் சீக்கிரம் விழுகிறது. இழுவை இல்லாமல், சீக்கிரம் சூடேறி, சைலன்சரில் வெடித்தால் டைமிங் பின்னால் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

5. எந்த சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள்

இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டராக வேலையை நிறுத்திப் பாருங்கள். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் ஆர்பிஎம் சட்டென்று இறங்கும். ஏற்கெனவே செத்துப்போன சிலிண்டரை நிறுத்தினால் எந்த மாற்றமும் இருக்காது. அதுதான் நீங்கள் தேடுவது.

பிளக் ஒயரை ஓடும்போது இழுக்க இன்சுலேஷன் உள்ள இடுக்கி வேண்டும். இழுத்த ஒயரை அந்தரத்தில் விடாமல் எர்த்தில் (இன்ஜின் இரும்பில்) பட வையுங்கள். எலெக்ட்ரானிக் மாட்யூல் உள்ள காரில் அந்தரத்தில் விட்டால் மாட்யூலே போகக்கூடும். இந்த வேலை பயமாக இருந்தால் இன்ஜினை அணைத்து, ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். நேரம் கூட ஆகும், ஆனால் கை பத்திரம்.

ஒரே சிலிண்டர் என்றால் பிளக், ஒயர், வால்வு. எல்லா சிலிண்டரும் மாறி மாறி மிஸ் அடித்தால் எல்லாவற்றுக்கும் பொதுவானது: காயில், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், பெட்ரோல், காற்று.

6. பிளக் சொல்வதைக் கேளுங்கள்

பிளக்குகளைக் கழற்றி சிலிண்டர் வரிசையிலேயே வையுங்கள். நுனி இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஸ்பார்க் பலவீனம். ஈரமான கறுப்பு எண்ணெய் என்றால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. வெள்ளையாக வெந்து, பீங்கானில் கொப்புளம் போலத் தெரிந்தால் காற்று அதிகம், டைமிங் மிக முன்னால், அல்லது பிளக்கின் ஹீட் ரேஞ்ச் தவறு.

பாயிண்ட் இக்னிஷன் கார்களில் பிளக் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.9 மி.மீ.க்குள் வரும். சரியான எண் மேனுவலில் உள்ளதுதான். புதிய பிளக் பெட்டியிலிருந்து வரும்போதே சரியாக இருக்கும் என்று நினைக்காமல் அளந்து போடுங்கள். அலுமினிய ஹெட் என்றால் முதல் சில திருகுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். மரை கடித்துவிட்டால் அந்தச் செலவு இந்த வேலை மொத்தத்தையும் தாண்டிவிடும்.

7. கம்ப்ரஷனும் டேப்பட்டும்

பிளக் எல்லாம் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கட்டும், காயிலின் ஒயரைக் கழற்றிவிடுங்கள், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். மிதிக்காமல் சுற்றினால் காற்று உள்ளே போகாமல் எல்லா சிலிண்டரும் குறைவாகக் காட்டும், நல்ல இன்ஜினை ஓவர்ஹாலுக்கு அனுப்பிவிடுவீர்கள்.

தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அதிகபட்சத்தைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்த சிலிண்டர் இருந்தால் அங்கே வேலை இருக்கிறது. அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட். இங்கே குறை இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே உள்ள எந்த வேலையும் அதைச் சரிசெய்யாது.

டேப்பட் இடைவெளி மிகக் குறைந்திருந்தால் வால்வு முழுதாக மூடாது, ஐடிலிங் குலுங்கும், நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும். டேப்பட் சத்தம் இல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

8. ஒயர், மூடி, ரோட்டார்

இதற்கு ராத்திரிதான் நல்ல நேரம். இருட்டில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். ஒயரிலிருந்து இரும்புக்கு நீல நிறப் பொறி தாவினால் கண்ணுக்கே தெரியும். லேசாகத் தண்ணீர்ப் புகை அடித்தால் ஒளிந்திருப்பதும் வெளியே வரும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கம் டார்ச் அடியுங்கள். பித்தளை முனைகளுக்கு இடையே பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா? கரி படிந்து உருவான பாதை அது, மின்சாரம் அந்த வழியாகத் தப்பான சிலிண்டருக்குப் போகிறது. நகத்தால் சுரண்டினால் போகாது. மூடியை மாற்ற வேண்டியதுதான். நடுவில் உள்ள கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வெளியே வருகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

ரோட்டாரின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பித்தளைத் தகட்டுக்கு நேர் கீழே, ஷாஃப்ட் நுழையும் குழிக்குள், குண்டூசித் தலை அளவு கறுப்புப் புள்ளி இருந்தால் ஸ்பார்க் ரோட்டாரைத் துளைத்து ஷாஃப்ட்டுக்கு இறங்குகிறது என்று அர்த்தம். மேலிருந்து பார்த்தால் ரோட்டார் புத்தம் புதிதாகத் தெரியும்.

கார்பன் ஒயரை மல்டிமீட்டரில் அளந்தால் நீளத்துக்கு ஏற்பச் சில ஆயிரம் ஓம் காட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகவோ, அளவே காட்டாமலோ இருந்தால் அது போய்விட்டது. மாட்டும்போது, ஃபயரிங் ஆர்டரில் அடுத்தடுத்து வரும் பக்கத்துச் சிலிண்டர்களின் ஒயர்கள் நீண்ட தூரம் ஒட்டி ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் ஸ்பார்க் மற்றதைத் தூண்டிவிடும்.

9. பாயிண்ட், கண்டன்சர், அந்தச் சின்ன ஒயர்

பாயிண்ட் முகங்கள் சாம்பல் நிறத்தில் தட்டையாக இருக்க வேண்டும். ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் இருந்தால் ஃபில்லர் கேஜ் பொய் சொல்லும். தகடு மேட்டில் இடித்து நிற்கும், உண்மையான இடைவெளி அதைவிடப் பெரியது. அப்படிப்பட்ட பாயிண்டை மாற்றுங்கள், அல்லது டுவெல் மீட்டரில் வையுங்கள். இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.35 முதல் 0.50 மி.மீ.க்குள். நான்கு சிலிண்டர் இன்ஜினில் டுவெல் பொதுவாக 50 முதல் 60 டிகிரி.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும். குறைந்தால் பின்னால் வரும். டுவெல் ஒரு டிகிரி மாறினால் டைமிங்கும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி மாறும். டைமிங்குக்கு முன்னால் பாயிண்டை வைக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பாயிண்ட் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் கண்டன்சர் சந்தேகம். சாமான் மலிவானது, மாற்றிப் பார்ப்பதே சுலபம். ஆனால் புதியது என்பதற்காகவே நல்லது என்று நம்பிவிடாதீர்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெட்டுப்போன கண்டன்சர்கள் வருகின்றன. வேலை செய்துகொண்டிருந்த பழையதைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள்.

இப்போது என்னை அலையவைத்த ஒயர். பாயிண்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி டெர்மினலுக்கு வரும் மெல்லிய, வளையும் ஒயர் அது. வேக்குவம் அட்வான்ஸ் வேலை செய்யும்போதெல்லாம் பாயிண்ட் தகடு முன்னும் பின்னும் அசையும், ஒயரும் கூடவே அசையும். வருஷக்கணக்கில் அசைந்து அசைந்து உள்ளே இருக்கும் செம்புக் கம்பி அறுந்துபோகும், வெளித்தோல் மட்டும் அப்படியே இருக்கும். ஐடிலிங்கில் முனைகள் தொட்டுக்கொண்டிருப்பதால் நன்றாக ஓடும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தகடு நகரும், தொடர்பு விடும், மிஸ் அடிக்கும். கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள், ரப்பர் போல நீண்டால் உள்ளே அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரை இரண்டு முனையிலும் வைத்து, தகட்டைக் கையால் நகர்த்தியபடியே பார்த்தால் அளவு துள்ளும். அதே தகட்டை எர்த்தோடு இணைக்கும் இன்னொரு குட்டி ஒயருக்கும் இதே நோய் வரும். மாற்றும்போது சாதாரண ஒயர் போடாதீர்கள், சீக்கிரம் ஒடிந்துவிடும். மெல்லிய இழைகள் பல கொண்ட, நன்றாக வளையும் ஒயர்தான் வேண்டும்.

காயில்: பிரைமரி அளவு, பாலஸ்ட் இல்லாத 12 வோல்ட் காயிலில் சுமார் 3 ஓம், பாலஸ்ட் உள்ள காருக்கான காயிலில் சுமார் 1.5 ஓம். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடும் வழக்கம் அதிகம். 1.5 ஓம் காயிலை பாலஸ்ட் இல்லாமல் போட்டால் காயில் கொதிக்கும், பாயிண்ட் எரியும். 3 ஓம் காயிலை பாலஸ்ட்டோடு போட்டால் ஸ்பார்க் சோர்ந்துவிடும். இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையையும் கழற்றி, துரு சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள்.

10. காற்று லீக்

ஐடிலிங்கில் ஒவ்வொரு வேக்குவம் குழாயாக இடுக்கியால் மெல்ல நசுக்குங்கள். நசுக்கியதும் ஐடிலிங் சீரானால் அந்தக் குழாயோ அது போய்ச் சேரும் இடமோதான் காரணம். பிரேக் பூஸ்டர் குழாயை மறக்காதீர்கள். கார்புரேட்டர் அடியிலும் மேனிஃபோல்டு கேஸ்கட்டிலும் தண்ணீரைப் புகையாக அடித்தால், லீக் உள்ள இடத்தில் இன்ஜின் சத்தம் ஒரு கணம் மாறும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பிடிக்கும் ஆபத்து அதிகம், நான் சொல்ல மாட்டேன்.

11. இப்போது டைமிங்

முதலில் இன்ஜின் ஓடாமல் வைப்பது. 1ஆம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடி, இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். இதைப் பார்க்காமல் புல்லியில் (கிராங்க் முனையில் உள்ள பெல்ட் சக்கரம்) இருக்கும் குறியை மட்டும் பார்த்தால் ஒரு சுற்று தவறிப்போய், டிஸ்ட்ரிபியூட்டர் நேர் எதிராக உட்கார்ந்துவிடும். இன்ஜின் பிடிக்கவே பிடிக்காது, கார்புரேட்டர் வழியாக வெடிக்கும்.

புல்லியில் உள்ள கோடு, மேனுவல் சொன்ன டிகிரிக்கு வரும்வரை இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். தாண்டிவிட்டால் பின்னால் இழுத்து நிறுத்தாதீர்கள். நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னால் வாருங்கள். செயினிலும் கியரிலும் உள்ள தளர்வு அப்போதுதான் ஒரே பக்கம் நிற்கும். டெஸ்ட் லாம்ப்பை, காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டி, இக்னிஷனை ஆன் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டார் சுற்றும் திசையில் கொஞ்சம் திருப்பினால் விளக்கு அணையும். அப்புறம் எதிர்த்திசையில் மெல்ல மெல்லத் திருப்புங்கள். விளக்கு எரிகிற அந்த நொடியில்தான் பாயிண்ட் திறக்கிறது. அங்கே இறுக்குங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனை வெகுநேரம் ஆனில் விட்டால் காயில் சூடேறும், வேலை முடிந்ததும் அணையுங்கள்.

திசை நினைவில் இருக்கட்டும்: ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னால் போகும், அதே திசையில் திருப்பினால் பின்னால் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், உடம்பை ஒரு டிகிரி திருப்பினால் கிராங்க்கில் இரண்டு டிகிரி மாறும். அதனால் மயிரிழைதான் அசைக்க வேண்டும்.

அப்புறம் டைமிங் லைட். இன்ஜின் முழுச் சூட்டில், ஐடிலிங் மேனுவல் சொன்ன ஆர்பிஎம்மில், வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து வையுங்கள், மேனுவல் வேறு மாதிரி சொன்னால் தவிர. ஐடிலிங் அதிகமாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் வெயிட்டுகள் விரிந்து அட்வான்ஸ் கூடிவிடும், நீங்கள் அதையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். புல்லிக் கோட்டில் வெள்ளை பெயிண்ட் வைத்தால் நன்றாகத் தெரியும். டைமிங் லைட்டின் கிளாம்ப்பை 1ஆம் சிலிண்டர் ஒயரில் மாட்டி, கோட்டைப் பார்த்துச் சரிசெய்து, இறுக்கி, இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். இறுக்கும்போது நகர்ந்துவிடுவது சகஜம்.

கோடு ஒரே இடத்தில் நிற்காமல் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கலாம், டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் ஒரு நல்ல சோதனை உண்டு. கிளாம்ப்பை 4ஆம் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். 1ம் 4ம் ஒன்றாகவே மேலே வருவதால் கோடு அதே இடத்தில் தெரிய வேண்டும். சில டிகிரி விலகித் தெரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டர்தான் தேய்ந்திருக்கிறது. எத்தனை முறை திருப்பினாலும் ஒரு சிலிண்டருக்குச் சரியானது இன்னொன்றுக்குத் தவறாகவே இருக்கும்.

இன்னொரு பொறி புல்லியிலேயே இருக்கிறது. சில இன்ஜின்களில் புல்லி இரண்டு வளையமாக, நடுவில் ரப்பர் ஒட்டி இருக்கும். ரப்பர் விட்டு வெளி வளையம் நழுவினால் கோடு பொய்யாகிவிடும். சந்தேகம் வந்தால் எல்லா பிளக்கையும் கழற்றி, 1ஆம் சிலிண்டரின் துளையில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனை இடித்து நிறுத்தும் கருவி) திருகி, இன்ஜினைக் கையால் மட்டும், மெதுவாக, இடிக்கும்வரை ஒரு பக்கமும் மறுபக்கமும் சுற்றிப் புல்லியில் இரண்டு குறி போடுங்கள். அவற்றின் நட்டநடுவே டாப் டெட் சென்டர், அதாவது பிஸ்டனின் உச்சி நிலை. குச்சியை விட்டுக் கண்ணால் மதிப்பிட்டால் தவறும், ஏனென்றால் உச்சியில் பிஸ்டன் பல டிகிரிக்கு அசையாதது போலவே இருக்கும்.

எலெக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்த ஆரம்பக் கார்களில், கம்ப்யூட்டர் அட்வான்ஸை நிறுத்திவிட்டுத்தான் அடிப்படை டைமிங்கைப் பார்க்க முடியும். பல பழைய டொயோட்டாக்களில் டயக்னாஸ்டிக் கனெக்டரில் டிஇ1, இ1 என்ற முனைகளை இணைப்பார்கள். அக்காலத்து ஃபோர்டுகள் பலவற்றில் ஸ்பவுட் என்ற சின்ன கனெக்டரைக் கழற்றுவார்கள். இதைச் செய்யாமல் திருப்பினால் கம்ப்யூட்டர் தன் பங்குக்கு மாற்றிக்கொண்டே இருக்கும்.

12. அட்வான்ஸ் வேலை செய்கிறதா?

லைட் மாட்டியபடியே ஆர்பிஎம்மை ஏற்றுங்கள். கோடு துள்ளாமல் முன்னால் போய், ஐடிலிங்குக்கு வந்ததும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பாமல் மேலேயே நின்றால் வெயிட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பாயிண்ட் தகடு நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் திரும்பி வந்தால் வேக்குவம் யூனிட்டுக்குள் இருக்கும் டயஃபிரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது. பெட்ரோல் அதிகம் குடிப்பதற்கும் ஐடிலிங்கில் காற்று லீக்குக்கும் அந்த ஒரு கிழிசலே காரணமாக இருக்கலாம்.

13. கார்புரேட்டர், அப்புறம் ரோடு

இப்போதுதான் ஐடிலிங் ஸ்க்ரூவையும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவையும் தொடலாம். தொட்ட பிறகு டைமிங்கை ஒருமுறை சரிபாருங்கள்.

ரோட்டில், சூடான இன்ஜினோடு, மேட்டில் உயர்ந்த கியரில் நன்றாக மிதித்துப் பாருங்கள். சல்லடையில் கூழாங்கல் குலுங்குவது போலச் சத்தம் கேட்டால் நாக்கிங். ஓரிரு டிகிரி பின்னால் கொண்டுவாருங்கள். தொடர்ந்து நாக் அடிக்கவிட்டால் பிஸ்டன் உடையும். மேனுவல் சொன்ன டிகிரியிலேயே நாக் அடிக்கிறது என்றால் நீங்கள் போடும் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) பாருங்கள். மேனுவலில் ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் எண்) முறையில் எழுதியிருக்கலாம், பங்க்கில் வேறு முறையில் எழுதியிருக்கலாம். ஆர்ஓஎன்னையும் எம்ஓஎன்னையும் (மோட்டார் ஆக்டேன் எண்) கூட்டி இரண்டால் வகுக்கும் முறையில் அதே பெட்ரோலின் எண் சுமார் நான்கைந்து குறைவாக வரும். எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள்.

வைத்த அளவுகள் எல்லாவற்றையும் தேதியும் கிலோமீட்டரும் போட்டு ஒரு தாளில் எழுதி, காரிலேயே வையுங்கள். அடுத்து வேறு யாராவது பானட்டைத் திறந்தால், டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடும் முன் அந்தத் தாளைக் கொடுங்கள். புதிய பாயிண்ட் போட்டிருந்தால் கேமில் (ஷாஃப்ட்டில் பாயிண்டைத் திறக்கும் மேடுகள்) உரசும் அதன் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தேயும், இடைவெளி குறையும், டைமிங் பின்னால் நகரும். கேமில் துளி கிரீஸ் வைத்திருந்தாலும் இது கொஞ்சமாவது நடக்கும். அதனால் 500 கிலோமீட்டர் வாக்கில் பாயிண்டையும், அதன் பிறகு டைமிங்கையும், இதே வரிசையில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.